சமையல் மேடை – 7: காஷ்மீர் ஒயிட்டின் சொந்த ஊர் மேலூர்

மேடையின் உயரம், அகலம் இரண்டையும் சென்ற வாரமே முடித்தாயிற்று. முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே என்ற கணக்கைத் தவறவிட்டவர்கள் பழைய இதழை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் கல் தேர்வு, சிங்க் வெட்டு, விளிம்பு உருட்டல் மூன்றும் என்று சொல்லியிருந்தேன். இதழ் அச்சுக்குப் போக ஒரு ராத்திரிதான் இருக்கிறது. நான் இன்னும் கல்லை விட்டு நகரவில்லை. நகர முடியாததற்குக் காரணம் ஒரு ஸ்டிக்கர்.

மூன்று வாரமாக கிரானைட் யார்டுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஆளுயரப் பலகைகள் இரும்புச் சட்டத்தில் சாய்ந்து வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு ஸ்டிக்கர், அதில் ஒரு பெயர். வெள்ளைக் கல் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். பால் வெள்ளையில்லை, சோறு வடித்த கஞ்சியின் வெள்ளை. அதில் மாதுளை முத்தை நசுக்கித் தெளித்த மாதிரி சிறு சிறு சிவப்புப் பொட்டுகள்.

“இது காஷ்மீர் ஒயிட்டுக்கா” என்றான் கடைப் பையன்.

“எந்த ஊர்க் கல் தம்பி?”

“பேர்லயே இருக்கேக்கா. காஷ்மீர்தான்.”

அவன் மேல் தவறில்லை. அவனுக்குச் சொல்லித் தந்தவர்கள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். காஷ்மீர் ஒயிட் என்று உலகமெங்கும் விற்ற அந்தக் கல் வெட்டப்பட்டது மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம். பனிமலைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. வெள்ளையாக இருக்கிறது, வெளிநாட்டில் விற்க வேண்டும், காஷ்மீர் என்றால் காதில் குளிர்ச்சியாக விழும். பெயர் பிறந்த கதை அவ்வளவுதான். மதுரைக்காரர்கள் வெயிலில் நின்று வெட்டிய கல், கப்பலேறும்போது ஊர்ப்பெயரைக் கரையில் விட்டுவிட்டுப் போயிற்று.

அந்தச் சிவப்புப் பொட்டுகள் கார்னெட். நகைக்கடையில் மோதிரத்தில் பதிக்கும் அதே வகைக் கனிமம். அழகுதான். ஆனால் அதற்குள் இரும்பு இருக்கிறது, தண்ணீர் பட்டுப்பட்டு நாளடைவில் சுற்றிலும் துருவின் மஞ்சள் கசியும். போதாததற்கு இந்தக் கல் தண்ணீர் குடிக்கிற கல். ஈரத் துணியை ராத்திரி முழுக்க அதன் மேல் போட்டுவைத்தால் காலையில் துணியின் வடிவத்தில் கறுப்பாக ஒரு நிழல் இருக்கும், காய்ந்தால் போகும். எண்ணெய் இறங்கினால் சுலபத்தில் போகாது. சீலர் பூசிப் பூசிப் பராமரிக்கத் தயார் என்பவர்கள் வாங்கலாம். தினமும் தாளிக்கிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பக்கத்திலேயே பிளாக் கேலக்ஸி நின்றது. கன்னங்கரேலென்ற கல்லில் பொன்துகள் தூவிய மாதிரி. அதன் ஊர் ஆந்திராவில் ஓங்கோலுக்குப் பக்கத்திலுள்ள சீமகுர்த்தி. அதில் பொன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கிரானைட்டும் இல்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? புவியியல்காரர்கள் அதை காப்ரோ என்பார்கள். கிரானைட் என்று அவர்கள் ஒரு கல்லைச் சொல்ல வேண்டுமானால் அதில் குவார்ட்ஸ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், மீதி பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார். கறுப்புக் கற்களில் குவார்ட்ஸ் கிட்டத்தட்ட இல்லை. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்பு, டோலரைட் என்னும் வேறொரு கல். கடைக்காரருக்கு இந்தப் பிரிவினையெல்லாம் தேவையில்லை. கடினமாக இருந்து, பாலிஷ் பிடித்து, புளிக்கு அசராமல் இருந்தால் அது கிரானைட். வியாபாரச் சொல்லாக அது போதும். நமக்கும் ஒரு அளவுக்குப் போதும்.

இங்கேதான் இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் வருகிறது. பிளாக் கேலக்ஸியில் மின்னும் பொட்டுகளின் பெயர் பிரான்சைட். இரும்பும் மெக்னீசியமும் கலந்த கனிமம். அதே குடும்பத்தில் இரும்பு சற்றுத் தூக்கலான உறவு ஒன்று உண்டு. அதை ஹைப்பர்ஸ்தீன் என்று அழைத்துவந்தார்கள். அந்த ஹைப்பர்ஸ்தீன் உள்ள கிரானைட்டுக்குத் தனிப்பெயர் சார்னோக்கைட். நார்வேயிலும் அண்டார்க்டிகாவிலும் அந்தக் கல்லைக் கண்டால் புவியியலாளர்கள் சொல்லும் பெயர் அதுதான். அந்தப் பெயர் வைக்கப்பட்ட கல், நான் தினமும் பஸ் ஏறும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் பல்லாவரம் குன்றின் கல்.

ஜாப் சார்னோக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. 1690 ஆகஸ்ட் 24 அன்று ஹூக்ளி ஆற்றங்கரையில் சுதாநுட்டி என்ற கிராமத்தில் வந்து இறங்கினார். அதை வைத்து அவரைக் கல்கத்தாவை நிறுவியவர் என்று பள்ளிப் புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. அதற்கு முன்பே அங்கே ஊர்களும் சந்தைகளும் இருந்தன, அவரை நிறுவனர் என்று சொல்லக்கூடாது என்று 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்த்துவைத்தது. நம் ஊரோடும் அவருக்கு ஒரு ஒட்டு உண்டு. கல்கத்தாவுக்குப் போவதற்கு முந்தைய ஆண்டு, 1689-ல், அவருடைய மூன்று பெண்களுக்கும் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில்தான் ஞானஸ்நானம் நடந்தது. வங்காளத்தில் இறங்கி இரண்டரை ஆண்டுக்குள் அவர் இறந்துபோனார். மருமகன் சார்லஸ் அயர் அவருக்கு எட்டுப் பட்டையில் ஒரு கல்லறை மண்டபம் கட்டினார்.

கல்லறைக்கு எழுத்து வெட்டிய பலகைக்கல் வேண்டும். கல்கத்தாவில் கல் ஏது? கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேல் நிற்கும் ஊர் அது. தோண்டினால் சேறும் மணலும்தான், ஒரு குன்று கண்ணுக்குத் தெரியாது. கல் சென்னையிலிருந்து கப்பலில் போயிற்று.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமையகமும் அதே ஊரில்தான். அங்கே வேலை பார்த்த தாமஸ் ஹென்றி ஹாலந்து என்ற இளம் புவியியலாளர் அந்தக் கல்லைப் பார்த்தார், ஆராய்ந்தார், பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல் இது என்று கண்டுகொண்டார். 1893-ல் அதைப் பற்றி எழுதியபோது கல்லறைக்குள் கிடந்தவரின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். பிறகு நீலகிரி, பழனி மலை, சேர்வராயன் மலையென்று தேடிப்போய் அந்த மலைகளிலும் இதே கல்தான் என்று 1900-ல் ஒரு பெரிய நூலே எழுதினார். ஊட்டியில் நாம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பாறைகள் கல்கத்தாவில் உறங்கும் ஒருவர் பெயரைச் சுமக்கின்றன.

பரங்கிமலைப் பகுதியில் இந்தப் பாறை இருக்கும் இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். நாற்பது வருடமாக அந்தக் குன்றைப் பார்த்து வளர்ந்தேன். பல்லாவரமும் திரிசூலமும் எனக்கு வெடிச்சத்தமும் லாரிப் புழுதியும்தான். கருங்கல் ஜல்லி, ப்ளூ மெட்டல் என்று நகரம் முழுக்கப் போயிற்று. சென்னையில் எத்தனையோ வீடுகளின் கான்கிரீட்டுக்குள், சமையல் மேடைக்கு அடியில் வார்க்கும் பலகைக்குள், அந்த 250 கோடி ஆண்டுக் கல் உடைந்து கிடக்கிறது. அதன் புது உடைப்பைப் பார்த்திருக்கிறீர்களா? நீலம் ஓடிய சாம்பல் நிறம், விரலால் தொட்டால் எண்ணெய் ஒட்டுமோ என்று நினைக்கவைக்கும் ஒரு பளபளப்பு. ஹாலந்து பல்லாவரத்துக் கல்லுக்கு பல்லாவரத்தின் பெயரை வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். மேலூர்க் கல்லுக்கு மேலூர் என்று பெயர் வைக்காததிலும் அதே ஆதங்கம்தான்.

சரி, மேடைக்கு வருகிறேன்.

பெயரை நம்பிக் கல் வாங்கி நஷ்டப்பட்டதை என் தங்கை வீட்டில் பார்த்தேன். சுத்தக் கறுப்பு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். போட்ட அன்று முகம் பார்க்கலாம் போலிருந்தது. ஆறு மாதத்தில் சிங்க்கைச் சுற்றிச் சாம்பல் பூத்தது. தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் அகலமாயிற்று. சாம்பல் நிறக் கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியிருந்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் போனால், எந்த சோப்பு போட்டீர்கள் என்று கேட்டார். தங்கை அழுதுவிட்டாள், வீட்டுக் கடனில் வாங்கிய கல் அது.

அதனால் யார்டுக்குப் போகும்போது கைப்பையில் இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள்: ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சின்னக் கத்தி, தண்ணீர் பாட்டில், நகப்பூச்சு அழிக்கும் திரவம், வெள்ளைத் துணி. பலகையின் மேலேயே செய்யக் கூடாது, அது அவர்கள் சரக்கு. அதே கல்லில் வெட்டி மிச்சமான துண்டு ஒன்று கேளுங்கள். நல்ல கடையில் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். கொடுக்க மறுக்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

துண்டின் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். துடைத்தபின் அந்த இடம் கறுத்திருந்தால் கல் தண்ணீர் குடிக்கிறது. எண்ணெயையும் மஞ்சளையும் சேர்த்துத்தான் குடிக்கும். கறுப்புக் கல் என்றால் துணியை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நனைத்து அழுத்தித் துடையுங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அது சாயம். கூடவே பலகையின் பின்பக்கத்தையும் வெட்டு முகத்தையும் பாருங்கள். முன்னால் கரி, பின்னால் சாம்பல் என்றால் சந்தேகப்படுங்கள். பாலிஷ் போடாத பக்கம் சற்று வெளுத்துத்தான் இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். துணிதான் கடைசித் தீர்ப்பு. பின்பக்கம் முழுக்க வலை ஒட்டியிருந்தால் அந்தக் கல் தானாக நிற்கத் திராணியில்லாமல் தாங்கல் கேட்கிறது என்று அர்த்தம். பிறகு ஒரு நாணயத்தால் பலகையை அங்கங்கே தட்டிக் கேளுங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் உள்ளே விரிசல் இருக்கலாம். சிற்பிகள் ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பதும் இப்படித் தட்டிக் கேட்டுத்தான்.

எலுமிச்சையும் கத்தியும் எதற்கு? கடப்பாவுக்கும் மார்பிளுக்கும்.

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் கேஸ் வந்தபோதுதான் மேடையும் வந்தது. அதுவரை அம்மா உட்கார்ந்துதான் சமைத்தாள். மேஸ்திரி இரண்டு செங்கல் சுவர் எழுப்பி, மேலே ஒரு கடப்பா பலகையை வைத்து, ஒரே நாளில் முடித்துவிட்டுப் போனார். அம்மா வெள்ளிக்கிழமை தோறும் அதற்குத் தேங்காயெண்ணெய் தடவுவாள். மை மாதிரி மின்னும். ஒரு நாள் எலுமிச்சை சாதத்துக்குப் பழம் பிழிந்துவிட்டு மூடியைக் கவிழ்த்துவைத்தாள். எடுத்தபோது வட்டமாக, வெளேரென்று ஒரு தழும்பு. எண்ணெய் தடவினால் மறையும், காய்ந்ததும் திரும்ப வரும். அதன் பக்கத்தில் புளி கரைத்த பாத்திரத்தின் தழும்பு, அப்புறம் மோர் சிந்தியது. அம்மா போன பிறகு அந்த மேடையை இடித்தபோது, எந்த இடத்தில் நின்று எதைச் செய்தாள் என்று அந்தத் தழும்புகளை வைத்தே என்னால் சொல்ல முடிந்தது.

கடப்பா கல் சுண்ணாம்புக் கல். கடலடியில் படிவு படிவாக இறங்கி இறுகியது. அதனால்தான் அடுக்கு அடுக்காகப் பிளக்கிறது. பெரிய ரம்பம் போட்டு அறுக்காமலே பலகையாக வந்துவிடும், விலையும் குறைவு. தமிழ்நாட்டில் ஷெல்ஃபுக்கும் பரணுக்கும் அது பரவியதற்குக் காரணம் இந்தப் பிளவுதான். சுண்ணாம்பும் புளிப்பும் சேர்ந்தால் பொங்கும், கல்லின் மேல்தோல் கரையும். நீங்கள் பார்ப்பது கறையில்லை, கரைந்த இடம். எந்த சோப்பாலும் அது போகாது. கத்தியும் அதைக் கீறிவிடும். கடினத்தை ஒன்றிலிருந்து பத்துவரை அளப்பார்கள்: சுண்ணாம்புக் கல் 3, கத்தி எஃகு ஐந்தரைக்குப் பக்கம், ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. கத்திக்கு மேலே இருக்கிற கல்தான் காய் நறுக்குகிற வீட்டுக்குக் கல்.

மக்ரானா மார்பிளும் வேதியியலில் இதே சாதி. பூஜை அறைக்குப் போடுங்கள். ரசம் வைக்கும் இடத்தில் வேண்டாம்.

அப்படியானால் கடப்பாவை ஒதுக்க வேண்டுமா என்றால், மேடைக்குக் கீழே ஷெல்ஃபாக அதைப் போல எடையும் ஈரமும் தாங்கும் மலிவான பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. அரிசி டின், பருப்பு டின், கிரைண்டர் எல்லாம் அதன் மேல் இருக்கட்டும். மேலே மட்டும் வேண்டாம்.

பல வாசகிகள் குவார்ட்ஸ் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஷோரூமில் ஒரே சீரான வெள்ளையில் நிற்கும் அந்தப் பலகை மலையிலிருந்து வெட்டியது கிடையாது. குவார்ட்ஸைப் பொடியாக்கி, நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அதைப் போட்டு, மிச்சத்துக்குப் பிசின் சேர்த்து அழுத்தி இறுக்குவது. இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம் வளர்த்தெடுத்த முறை. எலுமிச்சைக்கு அசராது, தண்ணீர் குடிக்காது, சீலர் வேண்டாம். பலவீனம் பிசினில் இருக்கிறது. அப்பளம் பொரித்த வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி நேரே அதன் மேல் வைத்தால் பிசின் கருகிப் பழுப்பு வளையம் விழும். நம் வீடுகளில் அவசரத்தில் பிரிமணை தேடுகிறவர்கள் யார்? வெள்ளைப் பலகையில் மஞ்சள்தூள் ஈரத்தோடு ஒரு ராத்திரி கிடந்தாலும் சிரமம்தான். வீட்டில் ஒருவர் மட்டும் சமைத்து, அவர் நிதானமானவராகவும் இருந்தால் குவார்ட்ஸ் சரி. நாலு கை புழங்கும் அடுக்களைக்கு மலைக்கல்தான் சரி என்பது என் முடிவு.

மலைக்கல்லிலும் தனிக் கறுப்பை நான் விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். கறுப்பின் மேல் ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் பொட்டாகக் காயும், நாளெல்லாம் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். லெதர் ஃபினிஷ் கைக்குச் சுகம்தான், ஆனால் அதன் பள்ளங்களில் தோசை மாவு காய்ந்தால் பிரஷ் எடுக்க வேண்டிவரும். அதனால் சாதாரண பாலிஷ். கல், டான் பிரவுன். தெலங்கானாவின் கரீம்நகர்ப் பக்கத்துக் கல். கறுப்புக்குள் காபிக்கொட்டை நிறத்தில் பெரிய பெரிய படிகங்கள். துண்டு கேட்டு வாங்கி, பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றி வைத்தேன், நிறம் மாறவில்லை. எலுமிச்சை மூடியைக் கால்மணி நேரம் கவிழ்த்தேன், தடம் இல்லை. கத்தியால் அழுத்திக் கீறினேன். கல்லில் விழுந்த கோடு எஃகின் கோடு, விரலால் துடைத்தால் போயிற்று. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

சிங்க் வெட்டும் விளிம்பும் அடுத்த வாரம். சிங்க்குக்கு முன்னால் மிஞ்சும் ஒல்லியான கல்பட்டை ஏன் முறிகிறது, அதை எப்படித் தாங்கவைப்பது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஆனால் இந்த வாரமே கல் வெட்டப்போகிற வீடுகள் இருக்கும், அவர்களுக்கு ஒன்றை இப்போதே சொல்லியாக வேண்டும்.

ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தச் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளை நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. உலகத்தில் அப்படித் தடை செய்த முதல் நாடு அது. வாங்கியவர்களுக்குக் கெடுதல் என்பதற்காகச் செய்யவில்லை. வெட்டியவர்களுக்கு சிலிகோசிஸ் வந்தது. வெட்டும்போது பறக்கும் நுண்தூள் நுரையீரலில் தங்கி அதை மெல்ல மெல்லக் கல்லாக இறுக்கிவிடும், ஆற்ற மருந்து கிடையாது. நம் கிரானைட்டிலும் குவார்ட்ஸ் உண்டு, அதன் தூளும் அதே தூள்தான். கைமெஷினை வைத்துக்கொண்டு, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பையன் உலர்ந்த கல்லை அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தெருவே வெள்ளையாகும். கைக்குட்டை அந்தத் தூளை நிறுத்தாது.

சிங்க்கையும் அடுப்பையும் முன்னதாகவே வாங்கி, அளவைக் கையில் வைத்துக்கொண்டு யார்டுக்குப் போங்கள். தண்ணீர் ஓடும் மெஷினில் அங்கேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடினால் கொடுங்கள். உங்கள் வாசலில் யாரையும் உலர் கல் அறுக்க விடாதீர்கள்.